மலை ஏறினா பைக் ஏன் மூச்சு வாங்குது? ஏறும்போது திருகின ஸ்க்ரூவை இறங்கும்போது மறக்காதீங்க!

டூ-வீலர் டைரி

மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பிய வண்டி, பர்லியார் வரை ஜம்மென்று போகும். குன்னூர் நெருங்க நெருங்க நான்காவது கியர் மூன்றாவதாகும், மூன்றாவது இரண்டாவதாகும். பின்னால் உட்கார்ந்திருப்பவர், "இறங்கி நடக்கட்டுமா?" என்று கிண்டலாகக் கேட்பார். ஒருவழியாக ஊட்டி சேரிங் கிராஸுக்கு வந்து சேர்ந்தால், ஐடிலிங் தடுமாறி நடுரோட்டில் வண்டி ஆஃப் ஆகும்.

உடனே ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். "ஏர் ஸ்க்ரூவைத் திருகு" என்பார் ஒருவர். "ஃபில்டரைக் கழற்றி பைக்குள்ள போடு" என்பார் இன்னொருவர். யாரோ ஒருவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எதையோ திருகுவார். வண்டியும் கொஞ்சம் தெளியும். இரண்டு நாள் சுற்றிவிட்டு, அதே செட்டிங்கில் மலை இறங்கி, கோவை பைபாஸில் 80-ல் பறப்பார்கள். திருகின ஸ்க்ரூவை யாரும் திருப்பி வைப்பதில்லை.

இந்த வாரம் பேசப்போவது அதைத்தான். மலை மேல் வண்டி மூச்சு வாங்குவதில் பெரிய ஆபத்து இல்லை. மலைக்காகக் குறைத்த பெட்ரோலோடு சமவெளியில் வேகமாகப் போவதில்தான் ஆபத்து இருக்கிறது.

2020 ஏப்ரல் 1-ம் தேதி பி.எஸ்-6 விதி வந்த பிறகு, பெரும்பாலான புது பைக்குகள் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. ஆனால், அதற்கு முன்பு வாங்கிய ஸ்ப்ளெண்டர்களும் பல்சர்களும் புல்லட்டுகளும் இன்னும் நம் தெருவில்தான் ஓடுகின்றன. ஆர்.எக்ஸ் 100-ஐ மகனைப்போல வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களுக்காக!

காற்று எவ்வளவு குறைகிறது?

நீலகிரி மலை ரயில் 326 மீட்டர் உயரத்தில் இருந்து 2,203 மீட்டர் வரை ஏறுகிறது. நம் பைக்கும் கிட்டத்தட்ட அதே உயரத்தைத்தான் ஒரே காலையில் ஏறுகிறது. கடல் மட்டத்தில் இருந்து மேலே போகப் போக, ஒவ்வொரு 300 மீட்டருக்கும் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவிகிதம் குறையும். மேட்டுப்பாளையத்தையும் ஊட்டியையும் ஒப்பிட்டால், ஊட்டிக் காற்று சுமார் 17 சதவிகிதம் மெலிந்தது.

100 சிசி இன்ஜின் எங்கே ஓடினாலும், பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே 100 சிசி இடத்தைத்தான் காற்றால் நிரப்பும். ஆனால், ஊட்டியில் அந்த 100 சிசி காற்றின் எடை குறைவு. அதில் உள்ள ஆக்ஸிஜனும் குறைவு. ஆக்ஸிஜன் குறைந்தால் எரியக்கூடிய பெட்ரோலும் குறையும், பவரும் குறையும். சமவெளியில் 10 குதிரைத்திறன் தரும் வண்டி, ஊட்டியில் 8 சொச்சம்தான் தரும்.

இதை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. இல்லாத காற்றை எந்த ஸ்க்ரூவும் கொண்டுவராது. 'ட்யூன் பண்ணினா பழைய பவர் வந்துடும்' என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நல்ல ட்யூனிங், இருக்கும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைக் கொடுக்கும். அவ்வளவுதான்.

கார்புரேட்டர் ஏமாறும் இடம்

பழைய கொசு மருந்து பம்ப் நினைவிருக்கிறதா? காற்றை வேகமாகத் தள்ளினால், டப்பாவில் இருக்கும் மருந்து குழாய் வழியாக ஏறித் தெளிக்கும். கார்புரேட்டரும் அதே தத்துவம்தான். குறுகலான கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே சின்னக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல், 'ஜெட்' எனப்படும் பித்தளைத் துளை வழியாக மேலேறி, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் போகிறது.

சமவெளியில் இந்தக் கணக்கு சரியாக இருக்கும். மலையில்தான் சிக்கல். காற்று 17 சதவிகிதம் மெலிந்தால், பெட்ரோலும் 17 சதவிகிதம் குறைய வேண்டும். ஆனால், கார்புரேட்டரில் சுமார் 9 சதவிகிதம்தான் குறையும். காற்றின் எடை குறையும் அளவுக்கு உறிஞ்சும் விசையும் குறையும் என்பது உண்மை. ஆனால், அந்த விசைக்கு நேர் விகிதத்தில் பெட்ரோல் குறையாது, அதன் வர்க்கமூல விகிதத்தில்தான் குறையும். கணக்கு பிடிக்காதவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: ஊட்டியில் உங்கள் வண்டிக்குத் தேவையைவிட சுமார் 10 சதவிகிதம் அதிகப் பெட்ரோல் போகிறது.

பெட்ரோல் அதிகமான கலவையை மெக்கானிக்குகள் 'ரிச்' என்பார்கள். குறைவானது 'லீன்'. ரிச் ஆனால் கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, ஐடிலிங் தடுமாற்றம், மைலேஜ் அடி, ப்ளக்கில் கரி. லீன் ஆனால் இன்ஜின் சூடு, ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது திக்கல், விடும்போது சைலன்ஸரில் 'பட் பட்' வெடிப்பு. ரிச் ஆக ஓட்டினால் காசு வீணாகும். லீன் ஆக ஓட்டினால் இன்ஜினே போகும். இந்த இரண்டு வரியைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

எந்த மலைக்கு என்ன செய்யணும்?

ஏலகிரி, வால்பாறை போன்ற 1,100 மீட்டர் அளவிலான இடங்களுக்கும், 1,500 மீட்டர் அளவிலான ஏற்காட்டுக்கும் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். ஒரு கியர் குறைத்து ஓட்டினால் போதும்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு சனி, ஞாயிறு ட்ரிப் என்றால், ஐடிலிங் ஸ்க்ரூவை மட்டும் அரை ரவுண்டு ஏற்றி, நின்றால் ஆஃப் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 10 சதவிகிதம் ரிச் ஆன கலவையை இன்ஜின் தாராளமாகத் தாங்கும். சொல்லப்போனால், கணக்குப்படி தேவையானதைவிட 10-15 சதவிகிதம் ரிச் ஆக இருக்கும்போதுதான் இன்ஜின் முழு பவரைத் தரும். எனவே இரண்டு நாளில் எதுவும் கெட்டுப்போகாது.

மலையிலேயே வாரக்கணக்கில் தங்கப் போகிறீர்கள் அல்லது குடியே இருக்கிறீர்கள் என்றால் முறையாக ட்யூன் செய்யலாம். லடாக் போகிறீர்கள் என்றால் கட்டாயம் செய்ய வேண்டும். லே நகரமே சுமார் 3,500 மீட்டர். கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் பாதிதான். நம்மூர் செட்டிங்கோடு போனால் கலவை சுமார் 30 சதவிகிதம் ரிச் ஆகிவிடும். வண்டி இருமும், கறுப்பாகக் கக்கும், ப்ளக் கரி பிடித்து நின்றும்விடும்.

கிளம்பும் முன் 20 நிமிடம்

மலையில் வரும் பாதிப் பிரச்னைக்குக் காரணம் கார்புரேட்டர் இல்லை, அழுக்கான ஏர் ஃபில்டர். ஃபில்டர் அடைத்திருந்தால் சமவெளியிலேயே வண்டி ரிச் ஆகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதோடு மலையின் மெலிந்த காற்றும் சேர்ந்தால் டபுள் அடி. எனவே முதல் வேலை, ஃபில்டரைச் சுத்தம் செய்வது அல்லது மாற்றுவது.

இரண்டாவது, ப்ளக். கழற்றிப் பாருங்கள். முனை, பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி அப்பியிருந்தால் ரிச். வெள்ளையாக வெளுத்திருந்தால் லீன். வெள்ளையாக இருந்தால், மலைக்குக் கிளம்பும் முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். மைலேஜுக்காக யாரோ ஏற்கெனவே பெட்ரோலைக் குறைத்து வைத்திருக்க வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, டூல்ஸ். ஒரு ஸ்பேர் ப்ளக், ப்ளக் ஸ்பேனர், சின்ன ஸ்க்ரூ டிரைவர். இந்த மூன்றும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

ஆக்ஸிலரேட்டர் எங்கே, பிரச்னை அங்கே

கார்புரேட்டருக்குள் மூன்று பேர் ஷிஃப்ட் போட்டு வேலை பார்க்கிறார்கள். ஐடிலிங்கில் இருந்து ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசி திருகும் வரை 'பைலட் ஜெட்' வேலை செய்யும். கால்வாசியில் இருந்து முக்கால்வாசி வரை, ஏறி இறங்கும் ஊசி, அதாவது 'நீடில்'. முக்கால்வாசிக்கு மேல் ஃபுல் வரை 'மெயின் ஜெட்'. ஒருவர் வேலையில் இன்னொருவரின் பங்கும் கொஞ்சம் இருக்கும். என்றாலும் பொதுவான கணக்கு இதுதான்.

அதனால், 'வண்டி இழுக்கல' என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொல்லாதீர்கள். எப்போது இழுக்கவில்லை என்று சொல்லுங்கள். நிற்கும்போது ஆஃப் ஆகிறதா? பைலட் பக்கம் பார்க்கணும். சாதாரணமாக ஓட்டும்போது மந்தமாக இருக்கிறதா? நீடில். ஏற்றத்தில் ஃபுல்லாகத் திருகும்போது அடைக்கிறதா? மெயின் ஜெட். இதைத் தெளிவாகச் சொன்னால் மெக்கானிக்கின் நேரமும் மிச்சம், உங்கள் காசும் மிச்சம்.

எந்த ஸ்க்ரூ? எந்தப் பக்கம்?

பெரும்பாலானவர்கள் குழம்பும் இடம் இது. கார்புரேட்டரில் வெளியே தெரியும் ஸ்க்ரூக்கள் பொதுவாக இரண்டு. ஒன்று, ஐடிலிங் ஸ்க்ரூ. இது இன்ஜினின் ஓட்டத்தை ஏற்றி இறக்கும், கலவையை மாற்றாது. இன்னொன்று, கலவையை மாற்றும் ஸ்க்ரூ. இதில்தான் இரண்டு வகை உண்டு.

அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால், அது காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்க்ரூ. வெளியே திருகினால் காற்று கூடும், கலவை லீன் ஆகும்.

இன்ஜின் பக்கமாக இருந்தால், அது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ. வெளியே திருகினால் பெட்ரோல் கூடும், கலவை ரிச் ஆகும்.

அதாவது, ஒரு வண்டியில் நல்லது செய்யும் அதே திருப்பம், இன்னொரு வண்டியில் நேரெதிராக வேலை செய்யும். நண்பரின் வண்டிக்குச் சொன்ன வைத்தியத்தை உங்கள் வண்டிக்குச் செய்தால் வம்பு இதனால்தான். மலையில் கலவையை லீன் பக்கம் கொண்டுபோக, ஏர் ஸ்க்ரூ என்றால் வெளியே, பெட்ரோல் ஸ்க்ரூ என்றால் உள்ளே.

தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, அது தானாக நிற்கும்வரை எத்தனை ரவுண்டு என்று எண்ணுங்கள். ஒன்றரை ரவுண்டு என்றால், 'ஒன்றரை' என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு போட்டோவும் எடுங்கள். அதுதான் உங்கள் சமவெளி செட்டிங். முறுக்கி இறுக்கிவிடாதீர்கள், ஊசி முனை கெட்டுவிடும். பிறகு அதே ரவுண்டுக்கு வெளியே கொண்டுவந்து, அங்கிருந்து கால் ரவுண்டு கால் ரவுண்டாக மாற்றுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே இதைச் செய்ய வேண்டும். ஐடிலிங் எந்த இடத்தில் சீராகவும் கொஞ்சம் ஏறியும் கேட்கிறதோ, அங்கே நிறுத்துங்கள். பொதுவாக அரை ரவுண்டுக்குள் வேலை முடிந்துவிடும்.

நீடிலும் மெயின் ஜெட்டும்

நீடிலின் தலைப்பக்கத்தில் சில பள்ளங்களும், ஒன்றில் சின்ன கிளிப்பும் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கிளிப்பைக் கீழே மாற்றினால் நீடில் ஏறும், பெட்ரோல் கூடும். கிளிப் மேலே போனால் பெட்ரோலும் கூடும் என்று நினைத்து மாற்றிப் போடுபவர்கள் நிறைய பேர். மலைக்கு கிளிப் மேலே, சமவெளிக்கு மறுபடி பழைய பள்ளம்.

எல்லா வண்டியிலும் இந்த வசதி கிடையாது. ஸ்லைடை கேபிள் இழுக்காமல் வேக்குவம் தூக்கும் சி.வி கார்புரேட்டர்கள் பலவற்றில் நீடில் ஒரே நிலையில்தான் இருக்கும். அந்த வகை உயரத்தை ஓரளவு சமாளிக்கும் என்பதால், ஊட்டி உயரத்துக்கு அப்படியே விட்டுவிடலாம்.

மெயின் ஜெட்டில் ஒரு நம்பர் பொறித்திருக்கும். துளையின் விட்டத்தை வைத்து நம்பர் போடும் ஜெட் என்றால் கணக்கு எளிது. பெட்ரோல் 10 சதவிகிதம் குறைய வேண்டுமானால், துளையின் பரப்பு 10 சதவிகிதம் குறைய வேண்டும், அதாவது விட்டம் 5 சதவிகிதம் குறைந்தால் போதும். 100-ம் நம்பர் ஜெட்டுக்குப் பதில் 95. ஆனால், ஒரு கம்பெனியின் நம்பரும் இன்னொரு கம்பெனியின் நம்பரும் ஒன்றல்ல. அதனால் கடையில் கேட்கும்போது பழைய ஜெட்டைக் கையில் கொண்டுபோங்கள். பழைய ஜெட்டை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள்! ஊருக்குத் திரும்பியதும் வண்டியில் மாட்டப்போவது அதைத்தான்.

ஊட்டிக் குளிரில் காலை ஸ்டார்ட்டிங்

ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற வண்டிக்குக் காலையில் சோக் தேவைப்படும். ஆனால், சோக் என்பதே பெட்ரோலைக் கூட்டும் வேலை. மலையில் ஏற்கெனவே ரிச். எனவே ஸ்டார்ட் ஆனதும் சோக்கைச் சீக்கிரமாக விடுவித்துவிடுங்கள். கிக்கர் அடித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரைத் திருகித் திருகி விடாதீர்கள்.

பத்து கிக் அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, பெட்ரோல் வாடை தூக்குகிறது என்றால் இன்ஜினுக்குள் பெட்ரோல் மிதக்கிறது என்று அர்த்தம். சோக்கை முழுதாக ஆஃப் செய்யுங்கள். ஆக்ஸிலரேட்டரை ஃபுல்லாகத் திறந்து வைத்துக்கொண்டு நாலைந்து கிக் அடியுங்கள். காற்று உள்ளே போய் பெட்ரோலை வெளியேற்றும். ஸ்டார்ட் ஆன அந்த நொடியே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள். அப்போதும் ஆகவில்லையா? சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பேர் ப்ளக்கை மாட்டும் நேரம் வந்துவிட்டது.

இறங்கும்போதுதான் கவனம்!

சின்ன ட்ரெய்னிங் விமானங்களைப் பார்த்திருக்கிறீர்களா? செஸ்னா 172 போன்ற விமானத்தின் காக்பிட்டில் சிவப்பு நிறத்தில் ஒரு குமிழ் இருக்கும். அதுதான் கலவையை மாற்றும் குமிழ். மேலே போகப் போக விமானி அதை இழுத்துப் பெட்ரோலைக் குறைப்பார். கீழே இறங்கும்போது மறுபடி உள்ளே தள்ளிப் பெட்ரோலைக் கூட்டுவார். பழகும் மாணவர்களுக்குத் தரையிறங்கும் செக் லிஸ்ட்டிலேயே இந்த வேலை இருக்கும். ஏறும்போது குறைத்ததை இறங்கும்போது மறக்கக் கூடாது என்பது அங்கே விதி. நம் பைக்கில் சிவப்புக் குமிழும் இல்லை, செக் லிஸ்ட்டும் இல்லை.

ஊட்டிக்காகச் சரியாகக் குறைத்த வண்டி, மேட்டுப்பாளையம் வந்து சேரும்போது சுமார் 10 சதவிகிதம் லீன். அதோடு கதை முடியவில்லை. இப்போது பங்க்கில் கிடைக்கும் இ-20 பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அதே அளவு காற்றுக்குக் கொஞ்சம் அதிக எரிபொருள் தேவை. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ட்யூன் செய்த பழைய கார்புரேட்டர் வண்டியில் இ-20 ஊற்றினால், கலவை சுமார் 8 சதவிகிதம் லீன் பக்கம் போகும். மலையில் இது ஒரு வகையில் உதவி, ரிச் ஆவதைக் கொஞ்சம் ஈடுகட்டும். சமவெளியிலோ இரண்டு லீனும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

லீன் கலவையில் வண்டி முதலில் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். மைலேஜ்கூட ஏறும். ஆனால், வெயிலில் பைபாஸில் ஃபுல் ஆக்ஸிலரேட்டரில் அரை மணி நேரம் போனால், சூடு ஏறிக்கொண்டே போகும். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் இன்ஜின் தட்டும், நாளடைவில் வால்வு கருகும்.

டூ-ஸ்ட்ரோக் வண்டியில் நிலைமை இன்னும் மோசம். அதில் இன்ஜினுக்குத் தேவையான ஆயிலும் பெட்ரோல் கலவையோடுதான் உள்ளே போகிறது. பழைய யெஸ்டி போல ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் வண்டி என்றால், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடும் ஏறி, ஆயிலும் குறைந்தால், பிஸ்டன் சிலிண்டருக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் பாஷையில் 'இன்ஜின் சீஸ்'. ஓடிக்கொண்டிருக்கும்போது சீஸ் ஆனால் பின் சக்கரம் அப்படியே லாக் ஆகும். வேகமாகப் போகும்போது அது நடந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டூ-ஸ்ட்ரோக் ஓட்டுபவர்கள் இதை மனதில் வையுங்கள்: வண்டி திடீரென இழுவை குறைந்து, யாரோ பிடித்து இழுப்பதுபோல இருந்தால், யோசிக்காமல் கிளட்ச்சைப் பிடியுங்கள். சக்கரம் விடுபடும். இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்தி, இன்ஜின் முழுதாக ஆறும்வரை தொடாதீர்கள்.

இறக்கத்திலும் டூ-ஸ்ட்ரோக்குக்கு ஒரு பழக்கம் தேவை. ஆக்ஸிலரேட்டரை மூடிவைத்து, கியரிலேயே நீண்ட நேரம் இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆனால் ஆயில் குறைவாகத்தான் போகும். அதனால் அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து, லேசாக ஒருமுறை ஆக்ஸிலரேட்டர் கொடுத்து விடுங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இந்தக் கவலை இல்லை. அதற்காக எந்த வண்டியையும் இன்ஜினை ஆஃப் செய்து நியூட்ரலில் உருட்டாதீர்கள். மிச்சமாகும் பெட்ரோலைவிட பிரேக் விலை உயர்ந்தது.

மலையில் இருப்பவர்களுக்கும், மலை வண்டி வாங்குபவர்களுக்கும்

டூரிஸ்ட்டைவிட இந்த விஷயம் அதிகம் தேவைப்படுவது மலையிலேயே வாழ்பவர்களுக்கு. கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருந்துகொண்டு, வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கோ, சரக்கு எடுக்கவோ கோவைக்கு இறங்குபவர்கள், மலைக்கு ஏற்றபடி அளந்து லீன் செய்யாதீர்கள். மேலேயும் கீழேயும் ஓட வேண்டிய வண்டியைக் கீழே சரியாக இருக்கும் அளவுக்கே வைத்துக்கொள்ளுங்கள். மேலே கொஞ்சம் ரிச் ஆக ஓடட்டும். மாதம் கொஞ்சம் பெட்ரோல் கூடும், ப்ளக்கை அடிக்கடி துடைக்க வேண்டிவரும். இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஓடிய கார்புரேட்டர் வண்டியைச் சமவெளியில் வாங்கினால், கார்புரேட்டரைத் திறந்து மெயின் ஜெட் நம்பர், நீடில் கிளிப், ஸ்க்ரூ ரவுண்டு மூன்றையும் கம்பெனி சொன்ன அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மலையில் வாங்கி மலையில் ஓட்டுபவர்களும், 'முன்னாடி எந்த ஊர்ல ஓடுச்சு?' என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் செய்யாதீங்க

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது: காற்று கூடுதலாக வரும், உண்மைதான். அதோடு மண்ணும் வரும். லடாக் புழுதியில் அது பிஸ்டனை அரம்போல ராவிவிடும்.

ஜெட் துளையைக் கம்பியால் குத்துவது: அடைப்பு எடுக்கிறேன் என்று துளையைப் பெரிதாக்கிவிட்டால், அந்த ஜெட்டில் பொறித்திருக்கும் நம்பருக்கு அர்த்தமே இல்லை. காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றுவது: ஸ்க்ரூ, நீடில், ஜெட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது பலன் தந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், பிறகு அடுத்தது.

என் வண்டி ஃப்யூல் இன்ஜெக்‌ஷன், எனக்கு என்ன?

உங்களுக்கு ஸ்க்ரூ டிரைவர் வேலை இல்லை. காற்றழுத்தத்தை அளக்கும் சென்ஸார் சொல்வதைக் கேட்டு, பெட்ரோலின் அளவை வண்டியே குறைத்துக்கொள்ளும். இறங்கும்போது தானே கூட்டிக்கொள்ளும். ஆனால், பவர் குறைவது உங்களுக்கும்தான். இல்லாத ஆக்ஸிஜனை சென்ஸாராலும் கொண்டுவர முடியாது. எனவே கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். நடு வளைவில் வண்டி திணறினால், பின்னால் வரும் பஸ்ஸுக்கு உங்கள் வண்டி எந்த மாடல் என்பதெல்லாம் தெரியாது.

கடைசியாக, கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்கு ஒரு சின்ன ஐடியா. மலையில் எதைத் திருகினாலும், அந்த நிமிடமே போனில் ஒரு ரிமைண்டர் போடுங்கள். 'மேட்டுப்பாளையம், ஸ்க்ரூ' என்று இரண்டே வார்த்தை. திரும்பி வரும் நாள், அடிவாரத்துக்கு வந்து சேரும் நேரம். அலாரம் அடித்ததும் டீக்கடை ஓரமாக நிறுத்தி, எண்ணி வைத்த ரவுண்டுக்கு ஸ்க்ரூவைத் திருப்புங்கள். இன்ஜின் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

அடுத்த வாரம்: நீண்ட இறக்கத்தில் பிரேக் ஏன் திடீரெனப் பிடிக்காமல் போகிறது?